உப்பு இல்லாத மெசின்

அன்பு மகனுக்கு,

கையெழுத்து உன் தங்கச்சியுடையது, பேச்சு என்னுடையது. என் வலது கை பேனை பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். அம்மா உள்ளே நித்திரை. நாங்கள் இரண்டு பேரும் குசினி அடுப்படியில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இருக்கிறோம். நான் மெதுவாகச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். வெளியே நாய் குரைத்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். விடிந்ததும் வாகரைக்குச் சீமெந்து ஏற்றிப் போகிற லொறியில் அம்மா உனக்கு வறுத்த அரிசிமா அனுப்புகிறாள். அந்த மாத் தகரப் பேணியின் அடியில் இந்தக் கடிதம் இருக்கும். தனியாக இருந்து படி. படித்து முடிந்ததும் எரித்துவிடு. நெருப்போடு வேலை செய்கிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கரடியனாற்றுக்குப் போய், உன் மாமனார் ஆகப்போகிறவர் சீதனத்தோடு தருகிற வெல்டிங் மெசினை ஏற்றிக்கொண்டு வாகரை வேலைக்குக் கொண்டுபோகப் போவதாக அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அம்மா அதைச் சொல்லும்போது அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். நான் போனை வாங்கி உன்னோடு பேசவில்லை. நீ நிற்கிற வேலைக் கொட்டிலில் ஒரு போனுக்கு எத்தனை காது என்று எனக்குத் தெரியாது. மகனே, அந்த மெசினை நீ ஏற்ற வேண்டாம். தொடவும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்றால் நீ கேட்கமாட்டாய். உன் வயதில் நானும் கேட்டதில்லை. அதனால் கடிதம் நீளும். பொறுமையாகப் படி.

அப்பா எதையும் நம்பமாட்டார் என்று நீங்கள் மூன்று பேரும் என்னைப் பகிடி பண்ணுவீர்கள். கடைக்காரன் மிச்சக் காசு தந்தால் இரண்டு தரம் பார்ப்பேன், பஸ் வந்து நின்றால் போர்டைப் பார்த்த பிறகும் கொண்டக்டரிடம் கேட்பேன். ஓம், நான் அப்படித்தான். ஆனால் பிறவியில் அப்படி இல்லை. நம்பிக்கெட்டதும் ஒரு மெசினால்தான். அந்தக் கதையில் ஒரு பாதியைத்தான் நீ அறிவாய்.

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்த நாளில் கல்லடியில் எங்கள் வெல்டிங் கடை முழுதாகப் போய்விட்டது. மெசினை மட்டும் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டியிருந்தேன். தூண் முறியவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது அது மண்ணுக்குள் பாதி புதைந்து, ஒரு மாடு படுத்திருப்பது போலக் கிடந்தது. உன்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம், அதனால் நீ இதைப் பார்க்கவில்லை. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவினேன். மண் போகும்வரை கழுவினேன். செப்புக் கம்பிச் சுற்று பளபளவென்று வந்தது. பிறகு நல்ல வெயிலில் காயவைத்து, வார்னிஷ் பூசி, மூடியை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அது உறுமிய சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. எவ்வளவோ போன இடத்தில் ஒன்று திரும்பி வந்தது என்ற அழுகை.

ஆனால் நான் அள்ளி ஊற்றியது எந்தத் தண்ணீர்? அந்தக் கிணற்றுக்குள்ளும் கடல் ஏறி இறங்கியிருந்தது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க ஏலாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாய்க்குத்தானே உப்பு, இரும்புக்கு என்ன என்று நினைத்தேன். கடலைக் கழுவக் கடலையே ஊற்றினேன். அதோடு விட்டேனா? மெசின் வைத்திருந்த எல்லோரும் வந்து கேட்டார்கள். 'நல்லாக் கழுவிக் காயவைச்சாச் சரி' என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிக்கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டுக் கழுவிய மெசின்களில் எத்தனை இன்றைக்குப் புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு விலைக்கு நிற்கின்றனவோ. ஒவ்வொரு பழைய மெசினையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுதான் காரணம். மற்றவர்களை அல்ல, என்னைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

கச்சான் காற்று வீசிய வெயில் மாதங்கள் முழுக்க அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஊர் முழுக்க வீடு எழும்பிய காலம், கூரையும் கேற்றும் ஒட்டி ஓயவில்லை. பிறகு மாரி தொடங்கியது. உப்பு ஈரத்தைக் கூப்பிட்டு எடுக்கும், மகனே. கறிக்குப் போடுகிற உப்புச் சிரட்டை மழைக்காலத்தில் தானாக நீர் விடுவதைப் பார்த்திருப்பாய். சுற்றுக்குள் ஒளிந்திருந்த உப்பும் அப்படித்தான் நீர் விட்டது. கரண்ட் மெசினின் வெளிக் கூட்டுக்கு இறங்கிவிட்டது. நான் வெறுங்காலோடு நனைந்த மண்ணில் நின்றுகொண்டு பிடியைத் திருப்பப் போனேன். இன்றைக்குப் பேனை பிடிக்காத இந்தக் கை அதை விடவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிற உன் தங்கச்சிதான் வீட்டுக்குள் ஓடி பிளக்கைப் பிடுங்கினாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. லைனில் பிழை என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் அதைத்தான் சொன்னேன். பிழை லைனில் இல்லை.

(அண்ணா, இந்த இடத்தில் அப்பா எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.)

நீ தொழில் பழகிய கடையில் ஒட்டச் சொல்லித் தந்திருப்பார்கள். வாங்கச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். இனி உன் வாழ்க்கையில் எத்தனையோ பழைய மெசின் பார்க்கப்போகிறாய், அதனால் இதைக் கேட்டு வைத்துக்கொள். வெயில் ஏறின பிறகு மெசின் பார்க்கப் போகாதே. மழை பெய்து விட்ட காலையில், சொல்லாமல் போ. போனதும் முதலில் கூட்டைத் தொடு, புறங்கையால். சூடாக இருந்தால் நீ வருவது தெரிந்து முன்கூட்டியே ஓடவிட்டு ஈரத்தைக் கலைத்திருக்கிறார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடு. விற்கிறவன் மெல்லிய தகரமும் மெல்லிய வெல்டிங் கம்பியும் எடுத்து நீட்டுவான், ஒட்டிப்பார் தம்பி என்பான். தகரத்தை எந்த மெசினும் ஒட்டும். நீ தடித்த இரும்பும் தடித்த கம்பியும் கேள். ஒன்று முடிய மற்றது, இடையில் ஆறவிடாமல் எரி. அவன் பேச்சுக் கொடுப்பான், நிறுத்தாதே. பிறகு மூடியின் மேல் மூக்கை வை. சீனி கருகுகிற மாதிரி ஒரு மணம் வந்தால் உள்ளே வார்னிஷ் எரிகிறது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப்பார். பார்வைக்குப் பெரிதாக இருந்து தூக்க லேசாக இருந்தால், செப்பைக் கழற்றி விற்றுவிட்டு அலுமினியம் சுற்றியிருக்கிறான்.

இதெல்லாம் முடிந்த பிறகு பிளக்கைக் கழற்றி உன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மூடியைத் திற. திறக்க விடாதவனிடம் வாங்காதே. திருகாணித் தலை சிதைந்திருந்தால் உனக்கு முன்னால் பலர் திறந்திருக்கிறார்கள். செப்பில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார். அதைத் துடைத்திருப்பான், ஆனால் அடி மூலையை ஒருவனும் துடைப்பதில்லை. அங்கே விரலை ஈரமாக்கித் தேய்த்து நாக்கில் வை. கண்ணை ஏமாற்றலாம், பெயின்டால் மூக்கையும் ஏமாற்றலாம். நாக்கை ஏமாற்ற இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது கரடியனாற்றுக்கு வருகிறேன். போன கிழமை கல்யாண நாள் விஷயமாகப் பேச நானும் தங்கச்சியும் அங்கே போனோம். அம்மாவுக்குக் காய்ச்சல். ஆனாலும் கட்டிலில் இருந்து எழும்பி வாசல் வரைக்கும் வந்தாள்.

"இஞ்ச பாருங்க, அங்க போய் அந்த மெசின்ட மூடியக் கீடியத் திறந்திராதீங்க."

"ஏன், மாட்டப் பாக்காம வாங்கிறதா?"

"வாங்கிறதாரு? அவங்க தாறாங்க. சீதனச் சாமானத் திறந்து பாக்கிறது பொம்புளப் புள்ளையப் பல்லுப் புடிச்சுப் பாக்கிற மாதிரி. நாளைக்கு அந்தப் புள்ள எங்கட புள்ளைக்கு மூஞ்ச காட்டுமா?"

அவள் சொன்னதிலும் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறவன். தருகிறதைத் தலையைக் குனிந்து வாங்குவதுதான் முறை. வீட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தாலே 'ஒழுக்குப் பாக்கிறார்' என்பார்கள். ஆனால் அண்ணாந்து பார்க்காமல் போன மாப்பிள்ளைமார் எத்தனை பேர் பிறகு ஒழுக்கில் படுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு, ஸ்குறூ டிரைவரைத் தங்கச்சியின் பையில் போட்டேன்.

மெசின் நெல்லு மூட்டைகளுக்குப் பக்கத்தில், படங்குச் சீலையால் மூடி இருந்தது. உன் மாமனார் படங்கை இழுத்தபோது கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குவது போலத்தான் இழுத்தார். புது நீலப் பெயின்ட். நெற்றியில் சந்தனப் பொட்டு. அந்த மனிதர் நல்ல பகிடிக்காரர், வாய் ஓயாது. அவர் உள்ளே வெற்றிலைத் தட்டம் எடுக்கப் போன நேரத்தில் நான் இடது கையால் பக்கத்து ஆணிகளைக் கழற்றி, தங்கச்சியை மூடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அடி மூலையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் வாசலில் நிற்கிறார்.

"என்ன மச்சான், ருசி பாக்கிறீங்களா? பொறுங்க, சோறும் கொண்டரச் சொல்றன்."

எனக்கு உயிர் போய்விட்டது. தங்கச்சி மூடியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"எப்பிடி, உப்புக் காணுமா?"

"உப்பு ஒண்டும் இல்ல மச்சான்."

"இரிக்காது. கடல் தண்ணியக் கனவுலயும் கண்டதில்ல இந்தச் சாமான். ஒங்கட பக்கத்து மெசினெல்லாம் கருவாடு. இது பச்ச மீன்."

அவர் சொன்னது உண்மை. உள்ளே உமியும் எலிப் புழுக்கையும் கிடந்தன, கடல் மண் ஒரு துளியும் இல்லை. களிம்பு இல்லை. சுற்று முழுவதும் செப்பு. அவரே கேட்டார், ஓட்டிப் பாருங்க என்று. இடது கையால் தடித்த கம்பி ஒன்றைப் பிடித்து உழவு மெசினின் உடைந்த கொழுவி ஒன்றில் ஓட்டினேன். கோடு கோணல், என் கையின் குற்றம். நெருப்பு நேர். நடுங்கவே இல்லை. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு மெசினில் நான் வேலை செய்ததில்லை. உனக்காகச் சந்தோஷப்பட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் நல்ல சாமானுக்கு ஏன் புதுப் பெயின்ட்?

அதற்குப் பிறகுதான் கண் வேலை செய்தது. முன்பக்கத்தில் மெசின் செய்தவனின் பெயர்த் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு மூலையிலும் ஓட்டை, அதற்கு மேல் பெயின்ட். தகடு விழவில்லை, யாரோ கழற்றியிருக்கிறார்கள். கம்பி பிடிக்கிற கைபிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது, வருஷக் கணக்காக ஒரு கை பிடித்த பிடி. அந்த மெசின் சும்மா நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்த மெசின் இல்லை, இரவு பகலாக வேலை செய்த மெசின். ஆனால் அவர்கள் பகுதிக்குக் கரண்ட் வந்தது எப்போது? சண்டை முடிந்த பிறகு, நேற்றுப் போல. தூண்களில் இன்னும் தார் மணக்கிறது.

"மச்சான், கடல் வந்த வரிசம் இது எங்க இருந்த?"

"இஞ்சதான். வாவிக்கு இஞ்சால, படுவான்கரையில."

"அப்ப இஞ்ச கரண்ட் இல்லையே."

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் நின்றது.

"ஜெனரேட்டர்ல ஓடின."

"இந்தப் பெரிய மெசின இழுக்கிற ஜெனரேட்டர் அந்த நாளையில ஆருக்கிட்ட மச்சான் இருந்த?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒருவரும் இல்லை. அவ்வளவு நேரம் பகிடி விட்ட வாய் வெற்றிலையை மென்றது.

"தேத்தண்ணி ஆறுது மச்சான், குடிங்க."

நான் குடித்தேன். நான் மேலே கேட்கவில்லை, அவர் மேலே சொல்லவில்லை. எங்களில் இந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அது போதும். வாவிக்கு அந்தப் பக்கம், அந்த வருஷங்களில், பெரிய ஜெனரேட்டர் போட்டு இரும்பு வேலை செய்த இடங்கள் யாருடையவை என்று உனக்கும் தெரியும். அங்கே கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டவில்லை. தங்கச்சி அந்தச் சொல்லை எழுதமாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள். வேண்டாம், எழுத வேண்டாம். 'அவர்கள்' என்று போட்டால் போதும்.

என் நிலைமையை நினைத்துப் பார். கடலில் நனையாத மெசின் வேண்டும் என்றுதான் போனேன். இந்த மாவட்டத்தில் கடல் தொடாத மெசின் என்றால் அது கடல் வராத பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் அது அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். விரலை நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்திருந்தால் உன் மாமனாரை ஒரு கள்ளன் என்று திட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

அப்போதும் நான் கெட்டதையே நினைத்தேன். ஆபத்தான சாமானை எங்கள் தலையில் கட்டிவிடப் பார்க்கிறார், மகளோடு சேர்த்துப் பழியையும் அனுப்புகிறார் என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க மனதுக்குள் அவரை ஏசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் தங்கச்சி பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, ஆளில்லாத ஒழுங்கைச் சந்துக்கு வந்த பிறகுதான் சொன்னாள். நானும் உன் மாமனாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கிணற்றடியில் கல்யாணப் பெண்ணோடு நின்றிருக்கிறாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, உங்களுக்கு ஏது இவ்வளவு பெரிய மெசின் என்று சும்மா கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை யோசிக்காமல் சொல்லிவிட்டது.

"எங்கட அண்ணன்ட."

சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்ததாம்.

"புள்ள, நீ கேக்கல்ல. நான் சொல்லல்ல. என்ன?"

எங்களுக்குச் சொன்னது ஒரே பிள்ளை என்று. தரகர் சொன்னார், பெண் வீட்டாரும் சொன்னார்கள், வீட்டில் ஒரு படமும் இல்லை. ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அந்தக் கைபிடியைத் தேய்த்தது அவனுடைய கை. அவர்களிடம் விரும்பிப் போனானா, அவர்களே கொண்டுபோனார்களா, எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். மெசின் எப்படி இந்த வீட்டுக்கு வந்து நெல்லுக்குள் ஒளிந்தது என்றும் கேட்கமாட்டேன். அவன் எங்கே என்றால் வீட்டாருக்கே தெரியாது போலிருக்கிறது. தெரிந்திருந்தால் ஒன்றில் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் திவசம் கொடுத்திருப்பார்கள். இரண்டும் இல்லாமல், அவன் பழகிய மெசினுக்குப் பொட்டு வைத்து வீட்டுக்கு வருகிற மருமகனுக்குக் கொடுக்கிறார் அந்த மனிதர். ஏன் கொடுக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் நான் ஏசிய ஏச்சையெல்லாம் ஒழுங்கையில் நின்று திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இரக்கம் வேறு, மெசின் வேறு. அது நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை ஒரு வீட்டின் துக்கம். லொறியில் ஏறி ரோட்டுக்கு வந்தால் அது கேள்வி. வாகரை வேலைத்தளத்துக்குச் சிவில் உடுப்பில் யார் யாரோ வந்து போகிறார்கள் என்று நீயே சொன்னாய். ஒருவன் அந்த நாலு ஓட்டையைப் பார்ப்பான். தம்பி, இது எங்க வாங்கின என்பான். நீ என்ன சொல்வாய்? மாமனார் தந்தது என்பாய். உனக்குப் பொய் வராது, சின்ன வயதில் இருந்தே காது சிவந்துவிடும். பிறகு அவரைக் கேட்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையைக் கேட்பார்கள். வெல்டிங் வேலை தெரிந்த இளந்தாரி, அந்த வீட்டு மாப்பிள்ளை, 'அவர்களுடைய' மெசின் என்று மூன்றையும் சேர்த்து ஒட்டுவதற்குக் கேட்கிறவர்களுக்குக் கரண்டும் தேவையில்லை, கம்பியும் தேவையில்லை. சண்டை முடிந்துவிட்டது அப்பா என்பாய். முடிந்ததுதான். ஆட்களைத் தேடுவது முடியவில்லை.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் தனியாகக் கரடியனாற்றுக்குப் போவேன். போய், வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, அவருடைய மனைவியும் சொந்தக்காரர்களும் கேட்கும்படி சொல்வேன்: மச்சான், அண்டைக்குச் சபையில சொல்ல வெக்கமா இருந்த, உங்கட மெசின்ல உப்பு இரிக்கி, கடல்ல கிடந்த சாமான், என்ட மகனுக்கு வேணாம். அது பொய் என்று அவருக்குத் தெரியும். நான் நக்கிப் பார்த்துவிட்டு உப்பில்லை என்று சொன்னதை அவர் காதால் கேட்டவர். ஆனால் அவர் மறுக்கமாட்டார். மறுப்பதென்றால், கடல் வந்த நாளில் அது எங்கே, யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஏன் பொய் சொல்கிறேன் என்பதும் அவருக்கு விளங்கும். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதும் விளங்கும். அதற்கு மேல் அந்த மெசினை என்ன செய்வது என்பது அவர் பாடு. தகப்பன் அவர், நான் சொல்ல ஏலாது.

மற்றவர்கள் என்னை ஏசுவார்கள். சீதனத்தில் குறை பிடித்த பிசாசு என்பார்கள். உன் அம்மா என்னோடு எத்தனை நாள் பேசமாட்டாளோ தெரியாது. அவளுக்கு உண்மையைச் சொல்லப்போவதில்லை. நல்லவள், ஆனால் சந்தோஷத்தையும் பயத்தையும் வாயில் வைத்திருக்கத் தெரியாதவள். நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை லொறி இல்லாமல், வெறுங்கையோடு அங்கே போ. போய் அவர்கள் பக்கம் நின்று என்னை ஏசு. 'அப்பாவுக்கு அந்தக் கை போனதில இருந்து எதப் பாத்தாலும் கடல்தான் தெரியிது, மனசில வைக்காதீங்க மாமா' என்று சொல். எல்லோருக்கும் முன்னால் சொல். உன் காது சிவந்தால் அது கோபம் என்று நினைப்பார்கள். மெசின் இல்லாமலே கல்யாணம் செய்கிறேன், கூலிக்கு ஒட்டி உழைத்து நானே ஒன்று வாங்குகிறேன் என்று சொல். அந்த வீட்டில் உன் மரியாதை கூடும். என்னுடையது போனால் போகட்டும், சம்பந்தியார் வீட்டில் எனக்கு என்ன வேலை?

அந்தப் பிள்ளையைக் கட்டு. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இந்தக் கடிதத்தில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

இவ்வளவும்தான். அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. தங்கச்சியைப் படுக்கப் போகச் சொல்கிறேன்.

உன் அப்பா.

அண்ணா, இது நான். அப்பா வெளியே முகம் கழுவப் போய்விட்டார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். அண்ணியாக வரப்போகிறவ என்னை நம்பித்தான் சொன்னா. நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இப்போது உனக்கும் எழுதிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை, எனக்குப் பயமாக இருந்தது. நீ அவவிடம் ஒன்றும் கேட்காதே. கல்யாணம் முடிந்து எப்போதாவது ஒரு நாள், எத்தனை வருஷம் போனாலும், தனக்கு ஒரு அண்ணன் இருந்தவர் என்று அவவாகச் சொல்லுவா. அப்போது 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிப்போடாதே. அவருக்கு என்ன பெயர் என்று கேள்.